பாதை எனப்பட்ட படகு: மட்டக்களப்பு வாவியின் நீர்வழி உரிமை

மண்முனைத்துறையில் 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19 ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட அப்பாலத்தின் நீளம் 210 மீற்றர். அதுவரை மிதவையிலேறி வாவியைக் கடந்துவந்த படுவான்கரை மக்கள் அன்றுமுதல் சில நிமிடங்களில் அக்கரை சேரலாயினர். நோயுற்ற பிள்ளையை மடியிற் கிடத்தி, மிதவையின் வரவை நோக்கிக் கரையிற் காத்திருந்த தாய்மாருக்கு அப்பாலம் எத்தகைய விடுதலை என்பதை எவரும் விளக்கிக் கூறவேண்டியதில்லை.

ஆயின் அந்நாள் தொட்டு ஒரு கருத்து, ஆராயப்படாமலே முடிந்த முடிபாக வழங்கி வருகின்றது. படகு பின்தங்கிய காலத்தின் சின்னம். பாலம் முன்னேற்றத்தின் சின்னம். பாலம் வந்தமையால் வாவியின் போக்குவரத்து வரலாறு முற்றுப்பெற்றது என்பதே அக்கருத்தாகும். மேடைப் பேச்சுக்களில் மட்டுமன்றிக் கற்றோர் உரையாடல்களிலும் இதனைக் கேட்கலாம். இம்முடிபு வரலாற்றோடு பொருந்தாது. மக்களின் இன்றைய தேவையோடும் பொருந்தாது. அது யாருடைய தவற்றை மறைக்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, கடலுக்குச் சமாந்தரமாக அது நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்று நீர்ப்பரப்பை நடுவே வைத்துத் திசைக்குப் பெயரிட்ட மக்கள் இவர்கள். இவர்களின் ஊர்ப்பெயர்களையும் நோக்குக. மண்முனைத்துறை, அம்பிளாந்துறை, துறைநீலாவணை என்பன யாவும் படகு வந்து பொருந்திய இடங்களின் பெயர்களேயாம். மாவட்டத்தின் பெயரிலேயே களப்பு என்னும் சொல் நிலைத்திருக்கின்றது.

இவையனைத்தினும் மனங்கொள்ளத்தக்க சொல் ஒன்றுண்டு. மக்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கரைவிட்டுக் கரை செல்லும் தட்டையான பலகைத் தளமுடைய மிதவையை இப்பிரதேச மக்கள் 'பாதை' என்றே அழைப்பர். முதலிற் கைவலியாலும் பின்னர் இயந்திர வலியாலும் இயங்கிய அக்கலத்துக்கு ஓடம், தோணி, வள்ளம் என்ற பெயர்கள் போதாவென மக்கள் கருதினர் போலும். ஊரையும் ஊரையும் இணைக்கும் வழி எதுவோ அதுவே பாதை. அது மண்ணிற் கிடந்தாலென்ன, நீரில் மிதந்தாலென்ன? பாமர மக்களின் நாவில் எளிதாகப் பிறந்த இவ்வுண்மையை ஆட்சியாளர் ஒரு நூற்றாண்டு காலமாகியும் விளங்கிக்கொள்ளவில்லை.

இந்நீர்வழியின் தொன்மையை ஐயுறுவார் இலர். 1602 இல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் கண்டியரசனைக் காண வந்தபோது கரையிறங்கியது மட்டக்களப்பிலேயே. போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவிற் கோட்டை கட்டியதும், ஒல்லாந்தர் 1638 இல் அதனைக் கைப்பற்றியதும் வாவியின் வாயிலைத் தம் கைக்குள் வைத்திருப்பதற்காகவேயாம். 1814 இல் மெதடிஸ்த குருவாகிய வில்லியம் ஓல்ற் வந்து சேர்ந்ததும் நீர்வழியாகவே. 1848 இல் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் இரவிற் படகேறிச் சென்று, நீரினடியிலிருந்து எழும் இன்னொலியைக் கேட்டார். படகின் மரத்திற் காதை வைத்தபோது அவ்வொலி மேலும் தெளிவாயிற்று என அவர் தமது இலங்கை பற்றிய நூலில் எழுதியுள்ளார். பாடுமீன் என்று இன்று ஊர்ச் சின்னமாகப் போற்றப்படுவதை உலகுக்கு அறிவித்தவன் பெயர் தெரியாத ஒரு படகோட்டியே என்று கூறினும் தவறாகாது.

படகின் பயன் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடவில்லை. படுவான்கரையின் பொருளாதாரமே அதன்மீது தங்கியிருந்தது. வயல்வட்டைகள் மேற்குக் கரையில்; போடியார் பலரின் மனைகள் கிழக்குக் கரையில். விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் வயலுக்குச் சென்று வாடியில் தங்கிய உழைப்பாளரும், களத்திலிருந்து மனைக்கு வந்த நெல்லும், வயலைப் பார்வையிடச் சென்ற போடியாரும் நீரின் மீதே சென்றுவந்தனர். வழிபாட்டுக்கும் அதுவே வழி. சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர் முருகன் ஆலயமும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயமும் படுவான்கரையில் உள்ளன. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், மண்முனையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்கும் திருவிழாக் காலங்களிற் சென்ற அடியார்கள் துறைகளில் நிரம்பி வழிந்தனர். புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளையையும், 1964 இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலைத் தந்த பண்டிதர் வி. சீ. கந்தையாவையும் ஈன்ற மண்டூர் அக்கரை ஊராகும். அக்கரை என்பது அறிவற்ற கரை என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

இனி, இந்நீர்வழி எவ்வாறு இழிவுற்றது என்பதை நோக்குவோம். பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் துறைகளும் பாலங்களும் ஆயக் குத்தகைக்கு விடப்பட்டன. கடப்பவனிடம் வரி பெறும் இடமாகவே அரசு துறையைக் கண்டது. பின்னர், 1924 இல் கல்லடிப் பாலம் கட்டப்பட்டு அக்கால ஆள்பதியின் மனைவியாகிய மனிங் சீமாட்டியின் பெயரைப் பெற்றது. 1928 இல் புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது. கல்லடிக்குத் தெற்கே எழுவான்கரையின் முதுகெலும்பாக நெடுஞ்சாலை உருவாகியது. பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, அரச அலுவலகம் ஆகியன யாவும் அச்சாலையையே பற்றி வளர்ந்தன. வாவியை முகமாகக் கொண்டிருந்த நாடு, வாவிக்கு முதுகு காட்டி நிற்கலாயிற்று.

இங்கு ஒரு கணக்கைப் பார்த்தல் வேண்டும். கல்லடிக்கு 1924 இல் பாலம் வந்தது. மண்முனைக்கு 2014 இல் வந்தது. இடைப்பட்டவை 90 ஆண்டுகள். இத்தொண்ணூறு ஆண்டுகளிலும் பாலம் கட்ட முடியாதிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். நல்ல படகுச் சேவையொன்றை நடத்துவதற்கும் முடியாதிருந்ததா? நேர அட்டவணை எழுதிய பலகை, இருளில் ஒரு விளக்கு, மழையில் ஒதுங்க ஒரு கூரை, பழுதுற்ற மிதவைக்கு மாற்றாக ஒன்று, இரவில் நோயாளிக்கென ஒரு விரைவுப் படகு ஆகியவற்றுக்கு எத்துணைப் பெருஞ்செல்வம் தேவை? பாலம் வரும் என்னும் வாக்குறுதி ஒருபுறம். பாலம் வரும்வரை இது போதும் என்னும் அலட்சியம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே மூன்று தலைமுறைகள் துறையிற் காத்துக்கிடந்தன. அக்காத்திருப்பின் கசப்பையே மக்கள் படகின்மீது ஏற்றினர். குற்றம் கலத்தினுடையதன்று, அதனைக் கவனியாது விட்டவர்களுடையது. புறக்கணித்துப் பழுதாக்கிய பின்னர், பழுதானது ஆகவே கழித்துவிடுக என்று கூறும் நியாயம் விசித்திரமானதாகும்.

போர்க்காலம் இக்கசப்பை அச்சமாக மாற்றியது. ஒரு கரையில் ஓர் ஆட்சி, மறுகரையில் வேறோர் ஆட்சி என்ற நிலையில் துறைகள் சோதனைச் சாவடிகளாயின. எரிபொருளும் பசளையும் எவ்வளவு கடக்கலாம், யார் கடக்கலாம் என்பது ஆயுதம் தாங்கியோரின் விருப்பாயிற்று. 1991 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள் மண்முனைத்துறைக்கு அண்மையிற் கண்ணிவெடி வெடித்ததைத் தொடர்ந்து, மகிழடித்தீவிலும் அதனையடுத்த இடங்களிலும் இராணுவத்தினராற் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழுவே 67 பேரின் இறப்பைப் பதிவு செய்தது. 2007 இல் படுவான்கரையிற் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் எடுத்ததுடன் வாவியைக் கடந்து எழுவான்கரையிற் புகலடைந்தன. பிரிக்கும் எல்லையாகவும் காக்கும் வழியாகவும் ஒரே நீர் விளங்கியது. இவ்வரலாற்றைச் சுமந்த துறைகளுள் ஒன்றிலேனும் பயணிகளுக்கு மதிப்பளிக்கும் ஓர் இறங்குதுறையை எழுப்புவது, போருக்குப் பிந்திய புனரமைப்பின் முதற்கடமைகளுள் ஒன்றாக இருந்திருத்தல் வேண்டும்.

பாலங்கள் வேண்டாம் என்று இங்கு வாதிடப்படவில்லை. வலையிறவுப் பாலமும் பட்டிருப்புப் பாலமும் மண்முனைப் பாலமும் இன்றிப் படுவான்கரை வாழ்வை எண்ணிப்பார்க்கவும் இயலாது. ஆயினும் பாலம் என்பது ஒரு புள்ளியையும் எதிர்ப்புள்ளியையும் மட்டுமே இணைப்பது. 56 கிலோமீற்றர் நீளமான நீர்ப்பரப்பின் நெடுகிலும் அமைந்த ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஆற்றல் அதற்கில்லை. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், மண்முனைப் பாலம் திறந்த பின்னரும் மக்கள் இயந்திரப் பாதையையே நாடவேண்டியிருந்தமை இதற்குச் சான்றாகும். வடக்கே கிரானிற் பாலத்தின் மேலாக வெள்ளம் பாய்ந்த மாரிகள் பல. அவ்வேளைகளில் உட்புறக் கிராமங்களின் மக்களை ஏற்றி இறக்கியவை படகுகளே. பாலத்தைக் காட்டிப் படகை இகழ்பவர்கள், பாலம் மூழ்கும்போது எதனை அழைக்கின்றனர் என்பது கவனிக்கற்பாலது.

படகை இடைக்காலத் தொல்லையாக மட்டும் கருதும் மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கிழக்கிலேயே துயரமான எடுத்துக்காட்டு உள்ளது. கிண்ணியாவிற் 2009 இல் பெரும் பாலம் திறக்கப்பட்டபோது அங்கும் படகுக் காலம் முடிந்ததென்றே பேசப்பட்டது. அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் வேறொரு பாலத்தின் கட்டுமானப் பணி நடைபெற்ற காலத்தில், தற்காலிகமாக ஓடவிடப்பட்ட மிதவை 2021 நவம்பர் 23 இல் கவிழ்ந்தது. பாடசாலைக்குச் சென்ற சிறுவர் உள்ளிட்டோர் நீரில் மாண்டனர். பாலத்துக்கு வரைபடம் உண்டு, பொறியியலாளர் உண்டு, அடிக்கல் உண்டு. பாலம் முடியும்வரை மக்கள் ஏறும் மிதவைக்கோ தகுந்த பரிசோதனையும் இல்லை, பொறுப்பேற்பாரும் இல்லை. இதனை விபத்தென்று மட்டும் கூறி அமைதல் முறையாகாது. நீர்வழியைப் பொதுவழியாக ஏற்றுக்கொள்ளாத கொள்கையின் விளைவு அது.

எதிர்வாதங்களையும் நோக்குதல் வேண்டும். முதலாவது வாதம் வாவி ஆழமற்றது என்பது. உண்மையே, பல இடங்களில் ஆளளவு ஆழமும் இல்லை. ஆனால் ஆழமற்ற நீரிலேயே நூற்றாண்டுகளாக மிதவைகள் இயங்கின. தட்டையான அடியுடைய கலமும், தடம் காட்டும் குறிகம்பங்களும், காலந்தோறும் தூர்வாருதலும் இக்குறையை வெல்லக்கூடியன. வீதியில் விழும் பள்ளத்தை நிரப்புவதற்குப் பணம் ஒதுக்கும் அரசு, நீர்த்தடத்தைப் பேணுவதற்கு ஒதுக்குவதை வீண்செலவு என்பது முரண்பாடாகும்.

இரண்டாவது வாதம் செலவு பற்றியது. படகுச் சேவை வருவாய் தராது என்பர். கிராமத்து வீதி வருவாய் தருகின்றதா? அது வருவாய்க்காக அமைக்கப்படவில்லை. சுவிற்சர்லாந்தின் லூசேர்ண் ஏரியில் 1837 இல் முதல் நீராவிக் கப்பல் ஓடியது. 1865 இல் கரைப்பாறையைக் குடைந்து ஆக்சன் வீதி வந்தது. 1882 இல் கொத்தாட் புகையிரதப் பாதை வந்தது. வீதியும் புகையிரதமும் வந்தபின் கப்பல்கள் கரையொதுக்கப்படவில்லை. புகையிரத நேரத்தோடு கப்பல் நேரத்தை இணைத்து இரண்டையும் ஒரே போக்குவரத்தின் இரு கைகளாக அந்நாட்டார் அமைத்தனர். 1901 க்கும் 1928 க்கும் இடையிற் சேவைக்கு வந்த ஐந்து துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்களை அவ்வேரியில் அவர்கள் பேணி ஓட்டிவருகின்றனர். ஜெனீவா ஏரியிலோ 1823 முதல் நீராவிக் கப்பற் சேவை உண்டு. பிரான்சுக் கரையின் எவியன் நகரிலிருந்து லொசானுக்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் கப்பலேறுகின்றனர்.

அது செல்வந்த நாடு, நமக்கு எட்டாது என்று கூறுவாருளர். அவ்வாறாயின் கடல் தாண்டி அண்டையிலுள்ள கேரளத்தை நோக்குக. அங்கு 1968 முதல் அரச நீர்ப்போக்குவரத்துத் திணைக்களம் ஆலப்புழையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகின்றது. அதே வெப்பம், அதே தென்னை, அதே ஆழமற்ற காயல். 2017 இல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் அமரக்கூடிய 'ஆதித்யா' என்னும் சூரிய சக்திப் படகு சேவையில் இறங்கியது. 2023 ஏப்ரலிற் கொச்சியில் மின்கலத்தால் இயங்கும் நீர் மெற்றோ தொடங்கியது. மலைநாட்டு ஏரிக்குப் பொருந்துவது மட்டக்களப்புக்குப் பொருந்தாதெனில், மலையாளக் காயலுக்குப் பொருந்துவது எவ்வாறு பொருந்தாது போகும்?

மூன்றாவது வாதம் மீனவருடையது. மூன்றினுள்ளும் மதிக்கத்தக்கதும் அதுவே. இயந்திரப் படகு வலையை அறுக்கும், எண்ணெய் நீரைக் கெடுக்கும், கரையோரக் கண்டற்காட்டை அலை அரிக்கும் என அவர்கள் அஞ்சுவது நியாயமானது. ஆகவே தடத்தை வரைபவர்கள் முதலில் அமரவேண்டியது மீனவரோடாகும். வலை விரிக்கும் இடமும் காலமும் அறிந்து, ஒலியும் புகையும் குறைந்த கலத்தைக் குறிப்பிட்ட தடத்திற் குறிப்பிட்ட வேகத்திற் செலுத்தின் இவ்வச்சம் நீங்கும். மீனவரைக் கலவாத திட்டம் எவ்வளவு அழகிய வரைபடமாயினும் தோல்வியுறுவதே நன்று.

இவர்களன்றி, நீர்வழியின் நண்பர் போலத் தோன்றும் இருவகையினரும் உளர். ஒருவகையினர் கடந்த காலத்துக்கு ஏங்குவோர். நிலவொளி, படகு, பாடுமீன் என்று பரவசமுறும் இவர்கள், மழையில் நனைந்தபடி துறையில் நின்ற வயற்கூலிப் பெண்ணைக் காண்பதில்லை. பழைய தோணியை மீட்கக் கோருவது அவளுக்கு இழைக்கும் அநீதியாகும். மற்றவகையினர் உல்லாசப் பயணத்துறையினர். வாவியில் உலாப்படகு விடுவோம், வெளிநாட்டார் வருவர், பணம் வரும் என்பது இவர்தம் கொள்கை. வரட்டும், ஆயினும் அந்நியருக்கு இன்பப் படகும் அவ்வூர் மாணவிக்குப் பழுதுற்ற மிதவையுமாக இரு நீதி நிலவுமாயின் அதனை அபிவிருத்தி என அழைத்தல் சொல்லுக்கே இழுக்காகும். சுவிற்சர்லாந்தின் கப்பல்கள் உல்லாசப் பயணிகளையும் ஈர்க்கின்றன என்பது உண்மை. அங்கே பயணி, உள்ளூரார் ஏறும் அட்டவணையிலேயே ஏறுகின்றான் என்பதே கற்கவேண்டிய பாடம்.

வேண்டுவன பெரியன அல்ல. பாலம் இல்லாத துறைகளின் மிதவைகள் யாவும் உரிய காலத்திற் பரிசோதிக்கப்பட்டு, உயிர்காப்பு அங்கியும் விளக்கும் ஏற்றக்கூடியோர் தொகையும் கட்டாயமாக்கப்படுதல் வேண்டும். புளியந்தீவிலிருந்து தெற்கு நோக்கி, மண்முனை, அம்பிளாந்துறை, குருக்கள்மடம், மண்டூர், குருமண்வெளி ஆகிய துறைகளைத் தொட்டுச் செல்லும் நெடுக்குச் சேவையொன்று பரீட்சார்த்தமாகவேனும் தொடங்கப்படுதல் வேண்டும். ஒவ்வோர் இறங்குதுறையிலும் படகின் வருகைக்கேற்ப பஸ் காத்திருத்தல் வேண்டும். இவற்றுக்கான செலவு தனித் தருமமாகக் கருதப்படாது, வீதிகளுக்குரிய ஒதுக்கீட்டின் பகுதியாகவே கணிக்கப்படல் வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் இங்குப் பங்குண்டு. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலை வளாகம் இவ்வாவி நாட்டின் கல்விக்கூடமாகும். ஒரு நாளில் எத்தனைபேர் எத்துறையிற் கடக்கின்றனர், எப்பருவத்தில் நீர்த்தடம் எவ்வளவு ஆழமுடையது, பாதையோட்டிகள் காற்றையும் நீரோட்டத்தையும் எச்சொற்களாற் குறிக்கின்றனர் என்பவற்றைப் புவியியல், பொருளியல், தமிழ்த் துறை மாணவர் சேர்ந்து ஒரு பருவ காலத்தில் தொகுத்துவிடலாம். எண்ணும் சொல்லும் கையிலிருந்தால் மட்டுமே கோரிக்கை வலிமை பெறும். இல்லையேல் பழைய பாதையோட்டி மறையும்போது ஓர் ஆவணக் காப்பகமே நீரில் அமிழ்ந்துவிடும்.

வாவியைத் தடையென்று கண்டவன் அதன்மேற் பாலம் கட்டியதோடு தன் கடமை முடிந்ததென்று அமைவான். வாவியை வழியென்று கண்ட மக்களோ அதிலே மிதந்த பலகைக்குப் பாதை என்று பெயரிட்டனர். பாதையைப் பேணுவது அரசின் கடன் என்பதை எவரும் மறுப்பதில்லை. அந்தச் சொல்லுக்குப் படுவான்கரை மக்கள் கண்ட பொருளை அரசும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு கோரப்படுவது. மாரி மழை பெய்யும் காலையிற் புத்தகப் பையுடன் துறையில் நிற்கும் பிள்ளைக்கு, அக்கரை செல்லும் கலம் எத்தனை மணிக்கு வரும் என்பது நிச்சயமாகத் தெரிந்திருத்தல் வேண்டும். அந்நிச்சயத்தை அளிக்காதவரை, எத்தனை பாலங்கள் திறக்கப்பட்டாலும் வாவியின் போக்குவரத்து வரலாறு முடிந்துவிட்டதாகக் கூறும் உரிமை எவருக்கும் இல்லை.